பாதி தெரிந்த மொழி

(ஜொகூர், கெலாங் பாத்தாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வளர்ந்தபின் தானாகவே இந்தி படிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அறிவிப்பைப் பார்த்த ஒரு பெரியவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "கெலாங் பாத்தாவில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் ஐயா இந்தி பேசப்போகிறோம்?" என்றார். நியாயமான கேள்வி. இன்று பேசப்போவது எல்லாம் ஏறக்குறைய அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இந்த ஊரைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். நம் அப்பா அம்மா காலத்தில் இது ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்னப் பட்டணம். 1998இல் சிங்கப்பூரின் துவாஸுக்குப் போகும் இரண்டாவது பாலம் திறந்தது. பக்கத்தில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் வந்தது. தொழிற்சாலைகள், தடுப்புக் கம்பி போட்ட தாமான் குடியிருப்புகள், அவற்றின் வாசலில் காவலுக்கு ஜாகா. அந்த ஜாகா யார்? பெரும்பாலும் நேப்பாளத்துக்காரர். அவர் தாய்மொழி நேப்பாளி. அதை எழுதுவது இந்தியை எழுதும் அதே தேவநாகரியில். சினிமா பார்த்தும், இந்தியாவில் வேலை செய்த அண்ணன் தம்பிகள் மூலமும் பலருக்கு இந்தி சரளமாகவே வரும். பாகிஸ்தானில் இருந்து வந்து துணி விற்பவர் பேசும் உருது, அன்றாடப் பேச்சின் அளவில் இந்திதான். துறைமுகத்தில் நங்கூரம் போடும் கப்பல்களில் வட இந்திய மாலுமிகள் உண்டு. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு அலுவலகத்தில் டில்லிக்காரர், லக்னோக்காரர் கிடைப்பார். ஆக, ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் கார் கண்ணாடியை இறக்கிக் கையை அசைத்துவிட்டுப் போகிறோமே, அவரே முதல் ஆள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டத்துத் தமிழர்கள் வளர்ந்த வயதில் தினமும் படித்து, இந்தியும் உருதுவும் கலந்த பேச்சுமொழியான இந்துஸ்தானியைக் கற்றுக்கொள்வது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஏற்கெனவே ஒரு தலைமுறை அதைச் செய்து காட்டியிருக்கிறது.

1943 ஜூலை மாதத் தொடக்கத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 5ஆம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அதே மாதம் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி. இந்திய தேசிய ராணுவத்தில் முதலில் இருந்தவர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர். பஞ்சாபிகள் அதில் அதிகம். போஸ் வந்த பிறகு மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பால்வெட்டுத் தொழிலாளிகள், கிராணிமார், லாரி ஓட்டியவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லாருமே தேசபக்தியால் மட்டும்தான் போனார்கள் என்று சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். ரப்பர் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை, சயாம் பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். படையில் சேர்ந்தால் சோறு உண்டு, மரியாதை உண்டு, சயாம் மரண ரயிலுக்குத் தப்பலாம். காரணம் எதுவானாலும் போனார்கள்.

போனவர்களுக்கு முன்னால் ஒரு மொழி நின்றது. படையின் மொழி இந்துஸ்தானி. திரும்பு, நில், துப்பாக்கியை உயர்த்து என்று ஆணை வருவது அந்த மொழியில். முழக்கம் அந்த மொழியில்: 'சலோ டில்லி'. படையின் தாரக மந்திரம் 'இத்திஹாத், இத்மாத், குர்பானி', அதாவது ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். பாடவேண்டிய தேசியகீதம் தாகூர் பாட்டின் மெட்டில் இந்துஸ்தானியில் எழுதிய 'சுப் சுக் சைன்'. போஸும் மேடையில் இந்துஸ்தானியில்தான் பேசுவார். பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்வார். போஸுக்கும் இந்துஸ்தானி தாய்மொழி இல்லை என்பதை மறக்கவேண்டாம், அவர் வங்காளி.

படையினர் எந்த எழுத்தில் படித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தேவநாகரியும் இல்லை, உருது எழுத்தும் இல்லை, ரோமன் எழுத்து. பிரிட்டிஷ் இந்திய ராணுவமே சிப்பாய்களுக்கு ரோமன் எழுத்தில் உருது சொல்லிக்கொடுத்து வந்தது. அது ஒரு வசதி. இன்னொரு காரணம் போஸின் கொள்கை. 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுத் தலைமையுரையிலேயே, இந்துஸ்தானி பொதுமொழியாகட்டும், அதை ரோமன் எழுத்தில் எழுதலாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் அந்நிய எழுத்து என்றாலே தேசத்துக்கு விரோதம் என்று நினைத்தவர்தான்; 1934இல் துருக்கிக்குப் போய் அங்கே எழுத்தை மாற்றியிருப்பதை நேரில் பார்த்த பிறகு மனம் மாறினார். நாகரியா உருதுவா என்று இந்துவும் முஸ்லிமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது புத்திசாலித்தனமான வழி.

ஒரு பால்வெட்டுத் தொழிலாளி எப்படிப் படித்திருப்பார்? காதால் முதலில். காலை அணிவகுப்பில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டவுடன் உடம்பை அசைத்து, மாலையில் அதையே பாட்டில் பாடி. இலக்கணம் பிறகு வந்தால் வந்தது. தப்பாகத் திரும்பினால் பக்கத்து ஆளோடு முட்டிக்கொள்வோம் என்பதே தேர்வு. எழுதப் படிக்கவே தெரியாத பலரும் அதில் இருந்தார்கள். அவர்கள் யாரும் நம்மைவிட அறிவில் குறைந்தவர்களும் இல்லை, கூடியவர்களும் இல்லை. அவர்களுக்கு இருந்து நமக்கு இல்லாதவை இரண்டு: தினமும் தவறாத நேரம், பதில் சொல்லியே ஆகவேண்டிய ஆள். 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது, படை கலைந்தது, அந்த இரண்டும் போயின. 

சரி, நம் கதைக்கு வருவோம்.

நாற்பது வயதில் ஒரு மொழியைத் தொடங்குகிறவர் குழந்தையைப்போல் ஒன்றுமில்லாமல் தொடங்கவேண்டியதில்லை. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். ஜொகூர்த் தமிழர் கையில் இரண்டு பெரிய சொத்து இருக்கிறது. ஒன்று தமிழ் வாக்கியத்தின் கட்டு. மற்றது மலாய்ச் சொற்கள். புத்தகம் எழுதுகிறவர்கள் முதலாவதைக் கொஞ்சம் சொல்வார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

முதலில் கட்டு. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வாக்கியத்தையே தலைகீழாகப் புரட்டவேண்டும். இந்தியில் 'முஜே பானீ சாஹியே': எனக்கு, தண்ணீர், வேண்டும். வரிசைகூட மாறவில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதிலும் அப்படித்தான். பசிக்கிறவன் 'நான்' இல்லை, 'எனக்கு'. நாம் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதுபோல அவர்களும் பின்னால்தான் வைப்பார்கள். 'எழுதிக் கொடு' என்பது 'லிக் தோ'. 'எழுதிக்கொள்' என்பது 'லிக் லோ'. 'சாப்பிட்டுவிட்டுப் போ' என்பது 'கா கர் ஜாவோ'. இரண்டு வினையை ஒட்டவைத்து, முதல் இரண்டு எடுத்துக்காட்டில்போல் இரண்டாவது வினை தன் பொருளை விட்டுவிட்டு முதலாவதற்குச் சாயம் பூசுகிற இந்த வித்தையை ஓர் ஆங்கிலேயருக்கு விளக்க வாரக்கணக்கில் ஆகும். நமக்கு ஒரு நிமிஷம். 'மெல்ல மெல்ல' என்றால் 'தீரே தீரே'. 'டீ கீ குடிச்சியா?' என்று கேட்கிறோமே, அவர்கள் 'சாய் வாய்' என்பார்கள். நாம் கி போடுகிற இடத்தில் அவர்கள் வ போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இது தற்செயல் இல்லை. இந்தி வேறு குடும்பம், தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் ஒரே நிலத்தில் ஈராயிரம் மூவாயிரம் ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததில் ஒன்றின் நடை மற்றதில் படிந்துவிட்டது. எமனோ என்ற மொழியியலாளர், நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்தவர், 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தியா முழுவதையும் ஒரே மொழிப் பரப்பாகப் பார்க்கவேண்டும் என்று சான்றுகளோடு சொன்னார். வடக்கு வேறு தெற்கு வேறு என்று வாய் ஓயாமல் பேசுகிறவர்களும், இரண்டும் ஒன்றே என்று சாதிக்கிறவர்களும் படிக்கவேண்டிய கட்டுரை அது. இருவருக்குமே அதில் சங்கடம் உண்டு.

இப்போது மலாய். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மலாய், நாம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பேசும் மலாய், அதில் சமஸ்கிருதமும் அரபியும் பாரசீகமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. இந்தியிலும் அதே மூன்றும் கலந்திருக்கின்றன. விளைவு என்ன? மலாயில் 'அபா காபார்' என்கிறோம். இந்திக்காரர் 'க்யா கபர் ஹை' என்கிறார். மலாயில் கெருசி, இந்தியில் குர்சீ. நேரம் வக்து, அங்கே வக்த். செய்தித்தாள் இங்கேயும் அக்பார், அங்கேயும் அக்பார். கேள்வி சோவால், சவால். பதில் ஜாவாப், ஜவாப். பொறுமை சபார், சபர். உலகம் டுனியா, துனியா. மன்னிப்பு மாஆப், மாஃப். திகைத்துப்போனால் இரண்டிலும் ஹைரான். பஹாசா என்பது பாஷா. கெரானா என்பது காரண். தொப்பி தோப்பி, டோபீ. துணி வெளுப்பவர் டோபி, தோபீ. நேதாஜி படையின் குர்பானி நமக்கு ஹரி ராயா கோர்பானில் இருக்கிறது. 'ஜாகா' என்ற சொல்லே சமஸ்கிருத வழியில் வந்ததுதான். விழித்திருப்பதை இந்தியில் 'ஜாக்னா' என்பார்கள். வாசலில் நிற்பவரின் வேலையின் பெயரிலேயே பாடம் தொடங்குகிறது.

தமிழிலும் வந்து உட்கார்ந்திருப்பவை கொஞ்சமா? தயார், பாக்கி, ரசீது, வசூல், உஷார், அசல், நகல், ஜாஸ்தி. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து எழுதினால் தமிழ், மலாய் இரண்டிலும் இருந்து எளிதாக ஒரு நோட்டுப் புத்தகத்தின் பல பக்கங்கள் நிறையும். படிக்க ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பட்டியலைப் போட்டுவிடுங்கள். நம்பிக்கைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கொஞ்சம் கவனமும் வேண்டும். மலாயில் ஜாலான் என்றால் சாலை. இந்தியில் 'ஜலன்' என்றால் எரிச்சல், பொறாமை. மலாயில் இஸ்திரி மனைவி. இந்தியில் 'இஸ்த்ரீ' துணி தேய்க்கும் பெட்டி. பெண் என்ற பொருளில் 'ஸ்த்ரீ' தனியாக இருக்கிறது. முன்வரிசைத் தாய்மார்கள் சிரிக்கிறார்கள். வீட்டில் இரண்டையும் ஒன்றாகத்தான் நடத்துகிறார்கள் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது.

மலாய் நமக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு. மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று உண்டு. இந்தியில் 'ஹம்' ஒன்றே. இங்கே நாம் பணக்காரர்கள், அவர்கள் சிக்கனக்காரர்கள். நேற்றுக்கும் நாளைக்கும்கூட அவர்களுக்கு ஒரே சொல்தான், 'கல்'. வினையைப் பார்த்துத்தான் எது என்று தெரியும்.

இனி, கையில் இல்லாதவை. தினசரிப் படிப்பின் நேரத்தை இவற்றுக்குத்தான் செலவழிக்கவேண்டும். மற்றவர்களுக்காக எழுதிய புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வரிசையாகப் படித்தால், தெரிந்ததில் பாதி நேரமும் தெரியாததில் பாதி நேரமும் போகும்.

ஒன்று, ஒலி. தமிழில் ஒரே ககரம். இந்தியில் நான்கு. உணவுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா', ஒற்றைக் கண்ணனுக்கும் 'கானா'. தமிழில் எழுதினால் மூன்றும் இப்படித்தான் இருக்கும். (இந்த உரையை அச்சிடும்போதும் அதே சங்கடம், கூட்டத்தில் வாயால் சொல்லிக் காட்டியதைக் காகிதத்தில் காட்ட வழியில்லை.) உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். உணவைச் சொல்லும்போது காற்று கையில் படவேண்டும். பாட்டைச் சொல்லும்போது படக்கூடாது. இந்தக் காரணத்துக்காகத்தான், நேதாஜி படை ரோமன் எழுத்தில் படித்ததை மதித்தாலும், நீங்கள் நாகரி எழுத்தை முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே கற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்வேன். அவர்களுக்குப் பக்கத்தில் பஞ்சாபி ஹவில்தார் இருந்தார், காதால் திருத்திக்கொண்டார்கள். நமக்கு எழுத்துதான் ஹவில்தார். தமிழ் எழுத்தில் இந்தியை எழுதிப் படித்தால் கானாவும் கானாவும் கடைசிவரை ஒன்றாகவே இருக்கும். த, ட வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே உண்டு. வெள்ளைக்காரர்கள் வருடக்கணக்கில் நாக்கை முறுக்குவது அதற்காகத்தான். நமக்கு முக்கிய வேலை மூச்சு.

இரண்டு, பால். இதுதான் பெரிய மலை. நமக்கு அஃறிணை என்று ஒன்று இருக்கிறது. மேசை, நாற்காலி, ரயில் எல்லாம் அதில் அடங்கிவிடும். மலாயில் பாலே கிடையாது. இந்தியில் உயிரில்லாத பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தே தீரவேண்டும். புத்தகம் பெண். வீடு ஆண். தயிர் ஆண். ரயில் வண்டி பெண். மீசை பெண், அதை முறுக்குகிறவர் யாராக இருந்தாலும். போலீசும் பெண். காரணம் கேட்காதீர்கள், ஒரு விதி சொல்வார்கள், அடுத்த பக்கத்திலேயே விதிவிலக்கு வரும். செய்யவேண்டியது, புதிய பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாமல், 'நல்ல' என்பதோடு சேர்த்து எழுதுவது: 'அச்சீ கிதாப்', 'அச்சா கர்'. ஈகாரம் வந்தால் பெண், ஆகாரம் வந்தால் ஆண். காது அதைப் பழக்கமாக்கிக்கொள்ளும்.

பேசுகிறவரின் பாலும் வினையில் வரும். 'நான் போகிறேன்' என்று ஆண் சொன்னால் 'ஜாத்தா', பெண் சொன்னால் 'ஜாத்தீ'. பழைய பாட்டுக் கேட்டு இந்தி படிக்கிற ஆண்களுக்கு இதில் ஓர் ஆபத்து. லதா மங்கேஷ்கர் பாடியதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு ஜாகாவிடம் போய்ப் பேசினால் அவர் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருப்பார். ஆண்கள் முகம்மது ரஃபியிடம் போங்கள், பெண்கள் லதாவிடம் போங்கள்.

மூன்று, 'னே'. இறந்தகாலத்தில் 'நான் ரொட்டி சாப்பிட்டேன்' என்று சொல்ல 'மைனே ரோட்டீ காயீ' என்கிறார்கள். சாப்பிட்டவர் ஆணாக இருந்தாலும் வினை பெண்பாலில் வருகிறது, ஏனென்றால் ரொட்டி பெண். சோறு சாப்பிட்டிருந்தால் 'காயா'. 'என்னால் ரொட்டி உண்ணப்பட்டது' என்று பழைய செயப்பாட்டு வினையாக நினைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றிலும் அது அங்கிருந்து வந்ததுதான். மூன்று மாதம் குழம்பும், பிறகு ஒரு நாள் குழம்புவது நின்றிருக்கும்.

எண்களைப் பற்றி ஒரே வார்த்தை: நூறு வரைக்கும் மனப்பாடம்தான். 79 'உன்யாசீ', 89 'நவாசீ'. தமிழின் எழுபத்தொன்பதே எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி, தினசரிப் படிப்பு. முப்பது நாளில் இந்தி என்று அட்டையில் போட்ட புத்தகங்களைப் பலர் வாங்கியிருப்பீர்கள். முப்பத்தொன்றாம் நாள் என்ன ஆகும் என்று அவற்றில் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்தியில் வேலை செய்யும் தேர்ச்சி வர 44 வாரம், ஏறக்குறைய 1100 வகுப்பு மணி என்று அது கணக்குப் போட்டிருக்கிறது. தமிழும் அதே பட்டியலில், அதே மணிக்கணக்கில்தான் இருக்கிறது. கேட்டால் நமக்கு ஒரு பெருமை. தினம் அரைமணி என்று வைத்தால் 1100 மணி என்பது ஆறு வருடம். மேலே சொன்ன இரண்டு சொத்தும் இல்லாத ஒருவருக்கு ஆகும் கணக்கு அது. தூதரகத்தில் அரசியல் பேசும் அளவுக்கு. நமக்கு வேண்டியது அவ்வளவு இல்லை, நம்மிடம் ஒன்றுமே இல்லை என்பதும் இல்லை. ஆனாலும் மாதக் கணக்கில் யோசிக்காதீர்கள். வருடக் கணக்கில் யோசியுங்கள். அப்போது ஒரு நாள் விட்டுப்போனால் மனம் உடையாது.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் புத்தகமாகப் போட்டார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி கழன்று போகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் உட்காருவதும் தினம் அரைமணி உட்காருவதும் கடிகாரத்துக்கு ஒன்று, மூளைக்கு ஒன்றல்ல. தொலைபேசிச் செயலிகள் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. நல்லவையே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகின்றன. எனக்கு என்பதை நான் ஆக்கி, பிறகு மறுபடி எனக்கு ஆக்குகிற வீண் சுற்று அதில் உண்டு. தமிழ் வழிப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைமணியை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்பீர்கள். பத்து நிமிஷம் கையால் எழுதுங்கள். பத்து நிமிஷம் சத்தமாகப் படியுங்கள். மனதுக்குள் படிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி நேரம் கேட்பதற்கு: செய்தி, பாட்டு, பழைய சினிமா. நம் நாட்டில் மலாய்க்காரர்களே 'குச் குச் ஹோத்தா ஹை' படத்தைக் கண்ணீரோடு பார்த்தவர்கள். மலாய் வசன வரிகளோடு ஓடும் இந்திப் படம் நமக்கு இரட்டைப் பாடம்.

சத்தமாகப் படிப்பதற்கும் ஆள் வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். டிராய் நகரத்தைத் தோண்டிய ஷ்லீமான் இளவயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனக் குமாஸ்தா. தானாகவே பல மொழி படித்தவர். சத்தமாகப் படி, மொழிபெயர்க்காதே, தினம் ஒரு மணி ஒதுக்கு, சின்னக் கட்டுரை எழுது, திருத்தியதை மனப்பாடம் செய் என்பது அவர் முறை. ரஷ்ய மொழி படிக்கும்போது சொல்லித்தர ஆசிரியர் கிடைக்கவில்லை. ரஷ்ய மொழி ஒரு வார்த்தையும் தெரியாத ஒருவருக்கு வாரம் நான்கு பிராங்க் கூலி கொடுத்து, தினம் மாலை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, அவர் முன்னால் ஒப்பித்தார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, குடியிருப்பை மாற்றவேண்டி வந்ததாம். பைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் வேலை செய்தது. எதிரே ஒரு முகம் இருந்தால் வாய் திறக்கும்.

பேச்சு வராமல் போனவர் கதையும் இருக்கிறது, அதுவும் நமக்கு நெருக்கமானது. காந்தி 1896இல் தென்னாப்பிரிக்காவில் இருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது தமிழ் படிக்கத் தொடங்கினார். கப்பல் மருத்துவர் கொடுத்த ஒரு சுயபோதினிதான் ஆசான். தென்னாப்பிரிக்காவில் அவரோடு நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் அந்த ஆசை. பிறகு தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தொடர்ந்து படித்தார். கொஞ்சம் வாசிக்க வந்தது. பேச வரவே இல்லை. வாசிப்பும் பழக்கமில்லாமல் மங்கிப்போவதாக அவரே சுயசரிதையில் வருத்தப்படுகிறார். சிறையில் நேரம் இருந்தது, புத்தகம் இருந்தது, மன உறுதிக்கும் அவரிடம் குறைவில்லை. பேச்சுப் பழக்கம்தான் இல்லை.

அதே காந்திதான் 1918இல் சென்னையில் இந்திப் பிரசாரத்தைத் தொடங்கச் செய்தார். முதல் ஆசிரியராகப் போனவர் அவர் மகன் தேவதாஸ். தட்சிண பாரத இந்திப் பிரசார சபை என்று நாம் இன்று அறிவது அதுவே. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் என்று படிப்படியாகத் தேர்வுகள். 1938இலும் 1965இலும் தமிழ்நாட்டின் தெருக்களில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் நின்றார்கள், உயிரும் போனது. அதே ஆண்டுகளில் அதே தெருக்களில் வீட்டுத் திண்ணையில் பெண்கள் விஷாரத் தேர்வுக்கு நோட்டு எழுதினார்கள். இரண்டும் உண்மை. திணித்தால் எதிர்ப்பது ஒரு வேலை, விரும்பினால் படிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள்கூடச் செய்யலாம். இங்கே ஜொகூரில் யாரும் நமக்கு இந்தியைத் திணிக்கப்போவதில்லை. நம்முடைய போராட்டம் தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றுவது. அதில் நிற்கிற கால் இதனால் ஒன்றும் வழுக்காது.

நம் நாட்டில் முறையான வகுப்பு வேண்டுமென்றால் கோலாலம்பூரில் இந்திய அரசின் பண்பாட்டு மையம் இருக்கிறது. 2010இல் திறந்தார்கள், 2015இல் நேதாஜியின் பெயரை வைத்தார்கள். இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எனவே நமக்கு வீட்டு மேசைதான் வகுப்பு.

பேசும் ஆளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்பவர் பன்னிரண்டு மணி நேர வேலையில் நிற்கிறார். அவரை இலவச ஆசிரியராக்கி, தினம் அரைமணி வினைத் திரிபு கேட்காதீர்கள். 'நமஸ்தே பாய் சாஹப், கானா ஹோ கயா?' போதும். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதுதானே நம் ஊர் வழக்கமும். பேச்சு தானாக வளர்ந்தால் வளரட்டும். வளர்ந்தால் ஒரு தே தாரிக் உங்கள் செலவு. வயது தெரியாதவரை எல்லாரையும் 'ஆப்' என்றே சொல்லுங்கள். 'தும்' என்பது நம் 'நீ', நட்புக்கு அப்புறம்தான். 'தூ' பக்கமே போகவேண்டாம்.

முதல் வருடம் முடிந்ததும் என்ன படிக்கலாம் என்று ஒரு தம்பி துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இந்தியாவின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வகுப்பில் இருந்து தொடங்க வெட்கப்படாதீர்கள். எழுத்து பெரிது, படம் உண்டு, கண்ணாடி தேடவேண்டியதில்லை. நான்காம் ஐந்தாம் வகுப்பு வந்ததும் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை எடுங்கள். ஈகைத் திருநாளன்று ஹாமித் என்ற ஏழைச் சிறுவன் சந்தைக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, இவன் ரொட்டி சுடும்போது பாட்டிக்குக் கை சுடக்கூடாதென்று இடுக்கி வாங்கிவருகிறான். ரமலான், ஈத், ரொட்டி, சந்தை என்று கதையில் வரும் சூழல் எல்லாம் நாம் அன்றாடம் பார்ப்பது. பிரேம்சந்த் உருதுவில் எழுதிப் பெயர் வாங்கியவர். முப்பது வயது தாண்டிய பிறகே இந்திக்கு வந்தார். அவர் நடையில் இரண்டு மொழியும் கலந்திருப்பதால், மலாய் தெரிந்த வாசகருக்கு மேலே போட்ட பட்டியலில் உள்ள சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, சத்தமாக. அகராதியைப் பத்தி முடிந்த பிறகு திறங்கள்.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எட்டு மணி வரை மண்டபம் நம்முடையது.